பெட்டிக்கும் மெஷ்ஷுக்கும் திருக்கல்யாணம்

காளவாசல் சந்திப்பில் சிக்னலுக்காக நிற்கும்போது நிமிர்ந்து பார்த்தால் போதும், அலையானந்தர் தரிசனம் கிடைத்துவிடும். பன்னிரண்டு அடி ஃப்ளெக்ஸ். காவி வேட்டி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் உருத்திராட்சம், காதில் ப்ளூடூத். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் கிடையாது. வைஃபை வளைவுகள் மூன்று. கீழே கொட்டை எழுத்தில், 'நெட்டு மெதுவாக ஓடுகிறதா? வீட்டில் அலைதோஷம்! செவ்வாய், வெள்ளி இரு தினங்களும் வில்லாபுரம் ஆசிரமத்தில் டோக்கன்.'

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அந்த டோக்கனுக்குக் காலை ஐந்தரை மணிக்கே முக்கால் தெருவுக்கு வரிசை நிற்கும். வங்கி மேலாளர் நிற்பார். பல் டாக்டர் நிற்பார். ஊருக்கெல்லாம் பரிகாரம் எழுதிக்கொடுக்கும் ஜோதிடர் ஒருவர், தன் வீட்டு நெட்டுக்குப் பரிகாரம் கேட்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன். நெட் கம்பெனிக்கு போன் போட்டால், தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தச் சொல்லும். அழுத்தினால் பாட்டுப் போடும். சாமியோ, "வா தாயி, என்ன குறை?" என்பார். யாராவது நம்மைப் பார்த்து என்ன குறை என்று கேட்டுவிட்டால் போதுமே, பர்ஸைத் திறந்துவிடுவோம்.

சாமியின் பழைய பெயர் கருத்தக்கண்ணன். காளவாசல் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தவர். நடுவில் மூன்று வருடம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது தாடி இருந்தது. டவரே எடுக்காத மலை உச்சியில் தவம் இருந்தாராம். அங்கே அவர் போனில் மட்டும் சிக்னல் முழுசாக நின்றதாம். அதற்குச் சாட்சி யார் என்று கேட்டதற்கு, போனையே எடுத்துக் காட்டினார். கூட்டம் போனுக்கும் ஒரு கும்பிடு போட்டது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் சிவக்குமார். தனியார் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். அலைகளைப் பற்றி வருடத்துக்கு நாற்பது பீரியட் தொண்டை கிழியக் கத்துகிறவன். அந்த வரிசையில் என் டோக்கன் எண் பதினேழு. என் மனைவி இசைவாணி அனுப்பினாள், நான் போனேன் என்று அவள் தலையில் பழியைப் போடலாம். ஆனால் அவள் வெள்ளிக்கிழமை போகச் சொன்னாள். நான்தான் அவ்வளவு நாள் பொறுக்காமல் செவ்வாய்க்கிழமையே போனேன்.

சாமி வீட்டுக்கு வந்தார். முதலில் வீட்டில் இருந்த போன்களையெல்லாம் வாங்கி ஒரு எவர்சில்வர் தூக்குவாளிக்குள் போட்டு மூடினார். அது போன்களுக்கு மௌன விரதமாம். பிறகு நெட் கம்பெனி சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் தூங்க வைத்தார். செப்புத் தகடு ஒன்றை அதன் நெற்றியில் ஒட்டினார். எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமம் தடவினார். கடைசியாக ஒரு மஞ்சள் துணியைத் தன் தலைமேலும் பெட்டிமேலும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு உள்ளே எதையோ தட்டினார்.

துணியை விலக்கிவிட்டுச் சொன்னார். "நாமகரணம் முடிஞ்சது. உங்க வைஃபை பேரு எண் கணிதப்படி ரொம்ப மோசம். கூட்டுனா எட்டு வருது, சனி. ரெண்டு எழுத்து கூடப் போட்டு ஆறாக்கிட்டேன், சுக்கிரன். பாஸ்வேர்டும் மாத்தியாச்சு. அது இனிமே பாஸ்வேர்டு இல்ல, மந்திரம்."

சோதித்துப் பார்த்தோம். நான்கு எம்பிபிஎஸ்ஸில் நொண்டிக்கொண்டிருந்த வேகம் தொண்ணூற்றைந்தில் பறந்தது. இசைவாணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன்.

"ஒரு பாக்கி இருக்கு" என்றார் சாமி. "அன்னதானம் மாதிரி இது அலைதானம். ஒம்பது வீட்டுக்குச் சுண்டலோட இந்தப் பேரையும் மந்திரத்தையும் குடுத்துருங்க. குடுக்கக் குடுக்கப் பெருகும்."

கறிவேப்பிலைக்கும் தோசை மாவுக்கும் வாசலைத் திறந்தே வைத்திருக்கிற தெரு எங்கள் தெரு. பாஸ்வேர்டா பெரிது? சுண்டல் வாங்கிய ஒன்பது வீடும் தங்கள் மச்சினன், மாமன், மாடியில் குடியிருப்பவன் என்று எல்லோருக்கும் சொன்னது. பதினைந்தே நாளில் நெட்டு மறுபடி நொண்டியது. ஓடினேன் சாமியிடம். "தானம் குடுக்கும்போது மனசுல கணக்குப் பாத்திருக்கீங்க" என்றார். ஆமாம், பார்த்தேன்தான். எவனுக்குக் கொடுக்காமல் நழுவலாம் என்று கூடப் பார்த்தேன். எப்படிக் கண்டுபிடித்தார் என்று அசந்துபோய் இன்னொரு பூஜைக்குத் தேதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது பூஜைக்கும் அதே கதை. வெறுத்துப்போய் என் இணைப்பையே வெட்டிவிட்டேன். அதற்குப் பிறகு நெட்டுக்கு என்ன செய்தேன் என்று இப்போது கேட்காதீர்கள்.

நிற்க. பக்கத்து வீட்டு முத்துமீனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முத்துமீனா வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் பில்களைச் சரிபார்க்கிற வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள். அவள் குடும்பத்தில் வயலில் இறங்காமல் சம்பளம் வாங்குகிற முதல் ஆள் அவள்தான். கணவன் அருண்பாண்டி அவனியாபுரத்தில் பைக் ஒர்க்ஷாப் வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகள் ஒன்றாம் வகுப்பு. சென்னையில் இருக்கிற கம்பெனி மேனேஜரோடு பேசும்போது மூன்று தடவை முத்துமீனாவின் படம் வாயைப் பிளந்தபடி உறைந்து நின்றுவிட்டது. மூன்றாவது தடவை அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு வீடியோ மீட்டிங். அதுவும் அறுந்தால், அடுத்த மாதத்திலிருந்து சென்னை ஆபீசுக்கு வந்துவிட வேண்டும். முடியாது என்றால் வேலை இல்லை.

அந்த வீட்டிலும் சாமி இரண்டு பூஜை நடத்தியிருந்தார். ஒன்பது வீட்டுக்கு அலைதானமும் ஆகியிருந்தது. அதுவும் பலிக்காமல்தான் முத்துமீனா தவணையில் ஒரு மெஷ் ரவுட்டர் வாங்கினாள். இரண்டு சின்ன டப்பாக்கள். ஒன்றைக் கம்பெனிப் பெட்டியோடு வயரில் செருக வேண்டும்; இன்னொன்றை வேறு அறையில் வைத்தால் வீடு முழுக்க சிக்னல் எட்டும். எட்டியது. ஒவ்வொரு மூலையிலும் சிக்னல் முழுசு. வேகம் மட்டும் அதே நான்கு.

அருண்பாண்டி பதறிப்போய் சாமியைக் கூட்டிவந்தான். அவர் மெஷ்ஷைப் பார்த்ததும் இரண்டு அடி பின்வாங்கினார்.

"யாரைக் கேட்டு இதை உள்ள விட்டீங்க? ஏற்கெனவே ஒருத்தன் குடும்பம் நடத்துற வீட்டுல, முறையில்லாம இன்னொருத்தியக் கொண்டாந்து ஒட்ட வச்சிருக்கீங்க. பெட்டி கோவிச்சுக்கிட்டு நெட்ட விடமாட்டேங்குது."

"அதுக்கு என்ன சாமி பண்ணணும்?" கையைக் கட்டிக்கொண்டு கேட்டான் அருண்பாண்டி.

"முறைப்படுத்தணும். ஞாயித்துக்கிழமை மூணரைக்கு மேல முகூர்த்தம். ரெண்டுக்கும் திருக்கல்யாணம்."

மழை வேண்டிக் கழுதைக்குக் கல்யாணம் செய்தவர்கள் நாம். ரவுட்டர் என்ன பாவம் செய்தது! எதிர் வீட்டு ராமக்காள், அருண்பாண்டிக்குச் சித்தி முறை, உடனே களத்தில் இறங்கினார். கம்பெனி கொடுத்த பெட்டி மாப்பிள்ளை, காசு கொடுத்து வாங்கிய மெஷ் பெண் என்று முடிவானது. மெஷ்ஷில் இரண்டு டப்பா இருக்கிறதே, எதற்குத் தாலி, எது தோழி என்று அரைமணி நேரம் வாதம் நடந்தது. பெரிசாக இருந்ததால் வயரோடு இருந்ததே மணப்பெண் என்று தீர்ப்புச் சொன்னார் ராமக்காள். இரண்டும் ஒரே அளவுதான். யாரும் அளக்கவில்லை.

முத்துமீனா சனிக்கிழமை காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சார், நீளமா நெட் வயர் ஒண்ணு இருக்குமா? லேப்டாப்ல செருகுற மாதிரி."

"எதுக்கும்மா?"

"சும்மா, ஒண்ணு பாக்கணும்."

கொடுத்தேன். எதைப் பார்க்க என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு மானம் மிஞ்சியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வாழைமரம். தெருவே ஹாலுக்குள் நெருக்கியடித்தது. மிச்சம் படிக்கட்டிலும் வாசலிலும் நின்றது. பெட்டிக்கும் மெஷ்ஷுக்கும் சந்தனம், குங்குமம், ஆளுக்கொரு மல்லிகைச் சரம். காற்றுப் போக வைத்திருந்த ஓட்டைகளையெல்லாம் சந்தனம் அடைத்திருந்தது. சாமியின் சீடர் மொக்கைச்சாமி, ஐம்பது வயது ஆள், முக்காலியில் போனை மாட்டி நேரலை விட்டுக்கொண்டிருந்தார். "நானூத்திப் பன்னெண்டு பேரு பாக்குறாங்க சாமி!" என்று அவ்வப்போது அறிவித்தார்.

சாமி தூக்குவாளியை நீட்டினார். "எல்லாரும் போனப் போடுங்க."

"வேணாம் சாமி" என்றாள் முத்துமீனா.

அவள் லேப்டாப்பை டிவியில் இணைத்து வேகம் காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். முள் நான்கில் நின்றது.

"கல்யாணத்த நல்லா நடத்துங்க சாமி. தாலி கட்டுங்க, தகடு ஒட்டுங்க, பழம் வெட்டுங்க, சூடம் காட்டுங்க. அம்புட்டும் பண்ணுங்க. மூணே மூணு மட்டும் வேணாம். போன வாளிக்குள்ள போட வேணாம். பெட்டிய அணைக்க வேணாம். துணிக்குள்ள போயி பேரு மாத்த வேணாம். நெட்டு வந்துருச்சுன்னா, தெருவுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் நானே வைக்கிறேன்."

சாமி சிரித்தார். சிரிப்பு தாடியைத் தாண்டவில்லை. "தாயி, நாமகரணம் இல்லாம கல்யாணமா? தப்பாப் போயிரும்."

"தாலிக்குச் சக்தியா, பேரு மாத்துறதுக்குச் சக்தியான்னு தெரிஞ்சுக்கிடணும்ல சாமி?"

"ஏய், என்ன பேசுற நீ!" அருண்பாண்டி பல்லைக் கடித்தான். "நாளைக்குப் பத்து மணிக்கு உனக்கு மீட்டிங்கு. சாமி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா சென்னைக்கு நீ போவியா, உன் மகள நான் பாப்பனா?"

"அதுக்காகத்தாங்க கேக்குறேன். நாளைக்கு அறுந்தா போறது என் வேலை. சாமி வேலை இல்ல."

"சாமி, நானூத்தி அம்பது பேரு!" என்றார் மொக்கைச்சாமி, நேரம் காலம் தெரியாமல்.

நானூற்றைம்பது பேர் பார்க்கும்போது தாலிக்குச் சக்தி இல்லை என்று எந்தச் சாமி ஒத்துக்கொள்ளும்? கட்டினார். மூன்று முடிச்சு. ராமக்காள் குலவை போட்டார். அட்சதை விழுந்து மெஷ்ஷின் வயர் சந்தில் மாட்டிக்கொண்டது. தகடு ஒட்டினார், பழம் வெட்டினார், சூடம் காட்டினார். எல்லோரும் டிவியைப் பார்த்தோம்.

நான்கு. சற்று நேரத்தில் மூன்று.

"பொண்ணு வெக்கப்படுது" என்றார் சாமி. "மூணு நாள் ஆகும்."

"எனக்கு மூணு நாள் இல்ல சாமி."

முத்துமீனா லேப்டாப்பில் வேறொரு பக்கத்தைத் திறந்தாள். கம்பெனிப் பெட்டியின் பக்கம். அதற்குள் போகும் வழி பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே இருக்கிறதாம். நாங்கள் எல்லோரும் பெட்டியின் நெற்றியைத்தான் பார்த்தோம், ஒருவரும் அடியைப் பார்க்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினாள். ஒரே ஒரு அழுத்து.

படிக்கட்டிலிருந்து ஒரு குரல். "ஆத்தாடி, நெட்டு போச்சே!"

மாடியிலிருந்து இன்னொன்று. "யாருடா நெட்ட நிறுத்துனது? மேட்ச்சுல கடைசி ஓவருடா!"

எதிர் வீட்டில் தானாகப் பாடிக்கொண்டிருந்த ராமக்காளின் டிவி கப்பென்று வாய் மூடியது. ஹாலுக்குள் ஆளாளுக்குப் போனை உதறினார்கள். என் சட்டைப்பையிலும் ஒரு போன் இருந்தது. அதிலும் நெட்டு போயிருந்தது. இப்போது கேளுங்கள், நான் என் இணைப்பை வெட்டிவிட்டு நெட்டுக்கு என்ன செய்தேன் என்று. முத்துமீனா வீட்டுச் சுண்டலைத் தின்றேன், முத்துமீனா வீட்டு நெட்டையும் தின்றேன்.

டிவியில் முள் எகிறியது. முப்பது. எழுபது. தொண்ணூற்றாறு.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" சாமி கையை உயர்த்தினார். "தாலி ஏறின பலன் இப்பத்தான் இறங்குது!"

முத்துமீனா மறுபடி பொத்தானை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் தெருவில் டிவிகள் பாட ஆரம்பித்தன. முள் நான்குக்குச் சரிந்தது. மறுபடி அழுத்தினாள். தெரு கத்தியது. முள் தொண்ணூற்றாறு. இன்னும் ஒரு தடவை. மாடியில் இருந்தவன் "வந்துருச்சு! ஐயோ போயிருச்சு!" என்று அழாத குறை.

"மூணு தடவை தாலி ஏறி ஏறி இறங்குதா சாமி?"

மொக்கைச்சாமிதான் பரிதாபமாகச் சொன்னார். "சாமி, நேரலை நின்னு போச்சு. நம்மளும் இந்த வீட்டு நெட்டுலதான விட்டுக்கிட்டிருந்தோம்."

போன் திரையில் கையை உயர்த்தி, வாயைத் திறந்து, கண் பாதி செருகியபடி அலையானந்தர் உறைந்து நின்றார். கூட்டத்தில் முதல் சிரிப்பு அங்கே கிளம்பியது.

முத்துமீனா நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "நேத்து மெஷ்ஷக் கழட்டி வச்சுட்டு லேப்டாப்ப நேராப் பெட்டியில வயரப் போட்டுச் செருகிப் பாத்தேன். அப்பவும் நாலுதான். அப்ப மெஷ்ஷு மேல தப்பில்ல. கம்பெனி ஆளும் வயரு நல்லா இருக்குன்னுட்டாரு. அப்ப நடுவுல இருக்குறது பெட்டிதான். மெஷ்ஷுல இருந்தது எங்க வீட்டு நாலு சாமான்தான். ஆனா பெட்டிக்குன்னு தனியா ஒரு வைஃபை இருக்கு, அதை யாரும் அணைக்கல; இந்தப் பொத்தான் அதத்தான் அணைக்குது. அதுல முப்பத்தோரு போனும் டிவியும் தொங்குது." திரையில் பட்டியல் ஓடியது. ராமக்கா டிவி. மாடி பேயாண்டி. ஆசிரமம் கேமரா. பதினாலாவதாக, சிவக்குமார் சார். "சாமி ஒவ்வொரு தடவையும் பண்ணுனது ஒண்ணே ஒண்ணுதான். நெட்டு போறது யாருக்கும் தெரியாம இருக்கப் போன வாளிக்குள்ள போட்டுட்டு, பேரையும் பாஸ்வேர்டையும் மாத்துறாரு. அம்புட்டுப் பேரும் கழண்டு விழுறாங்க, நெட்டு பறக்குது. அப்புறம் அலைதானம்னு நம்ம கையாலயே அம்புட்டுப் பேரையும் திருப்பி ஏத்தி விடுறாரு. நெட்டு படுத்ததும் மறுபடி அவருக்கு டோக்கன்."

சாமி மேல் பாய்வார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? எங்கள் தெருவை உங்களுக்குத் தெரியாது. முதல் பாய்ச்சல் முத்துமீனா மேல்தான்.

"ஏத்தா, குடுத்த தானத்தத் திருப்பிப் பிடுங்குறியே, நல்லா இருப்பியா?" என்றார் ராமக்காள். "என் நாடகம் பாதியில நிக்குது!"

"சின்னத்தே, உங்க வீட்டு நெட்டு என்ன ஆச்சு?"

"அது படுத்துருச்சு. நானும் ஒம்பது வீட்டுக்குத் தானம் குடுத்தேன்ல."

சொல்லி முடித்ததும் அவருக்கே விளங்கிவிட்டது. மெல்லத் திரும்பிச் சாமியைப் பார்த்தார். கூட்டமும் திரும்பியது. ஒருவன் நான்கு பூஜை என்றான், ஒருவன் ஆறு என்றான். அருண்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டினான். "டேய் கருத்தக்கண்ணா, எம்பொண்டாட்டிய ஊரவிட்டே அனுப்பப் பாத்தியேடா!" என்று அவன் ஒரு எட்டு வைத்தபோது, சாமி இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி, போய்க்கொண்டிருந்த ஷேர் ஆட்டோவில் தொற்றிவிட்டார். ப்ளூடூத் மட்டும் வாழைமரத்தடியில் கிடந்தது. மொக்கைச்சாமி முக்காலியை மடக்கிக்கொண்டே, "எனக்கும் ரெண்டு மாசச் சம்பளம் வரலங்க" என்றார்.

திங்கட்கிழமை பள்ளிகளுக்கு உள்ளூர் விடுமுறை. பத்து மணிக்கு எங்கள் தெருவில் குக்கர்கூடச் சத்தம் போடவில்லை. பதினோரு மணிக்கு முத்துமீனா வாசலுக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது. ஓடிப்போய்க் கேட்டேன்.

"என்னம்மா?"

"ஒரு தடவகூட அறுகல சார். வீட்டுல இருந்தே பாருன்னுட்டாங்க."

அருண்பாண்டி ஒர்க்ஷாப்புக்குக் கிளம்பாமல் காத்திருந்தான் போல. உள்ளேயிருந்து ஓடிவந்து மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "அம்மா எங்கயும் போகலடி" என்றான். அந்தப் பிள்ளை ஏற்கெனவே சென்னைக்குத் தனக்கும் சேர்த்து ஒரு பை கட்டி வைத்திருந்ததாம். எங்கள் தெருவின் சுண்டல் ஆசை, ஒரு குழந்தையிடமிருந்து அம்மாவைப் பிரிக்கப் பார்த்திருக்கிறது.

நியாயமாகக் கதை இங்கே முடிய வேண்டும். ஆனால் ராமக்காள் வந்துவிட்டார். பின்னால் ஐந்தாறு பேர், கையில் பேனா, காகிதம்.

"ஏத்தா மீனா, கோவிச்சுக்கிடாத. எங்க வீட்டுப் பெட்டியிலயும் அந்தப் பொத்தான அமத்தணும். நீ நேத்து எத்தன மணிக்கு அமத்துன? சரியா நேரத்தச் சொல்லு. அதே நேரம் பாத்து அமத்துனாத்தான நமக்கும் பலிக்கும்?"

முத்துமீனா சிரிக்காமல் சொன்னாள். "நாலே முக்காலுக்கு, சின்னத்தே. ஞாயித்துக்கிழமை ராகுகாலம்."

எழுதப்போன பேனாக்கள் அந்தரத்தில் நின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களைச் சொல்லி என்ன, நானும் உள்ளுக்குள் ஒரு கணம் திக்கென்று ஆனவன்தான். அதனால் எனக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஐயா, அம்மா, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மூளையில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்க நாள் பார்க்க வேண்டாம், டோக்கன் வாங்க வேண்டாம். எந்தக் கருத்தக்கண்ணனும் தாடி வளர்ப்பதற்கு முன்னால் அமுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.